தோட்டை வாய் மூடாத நாட்கள்

காலைத் தேநீரோடு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதைக் கண்டேன். எங்கள் நாய் தோட்டை தன் நீலத் தண்ணீர்ப் பேசினுக்குள் முகத்தை விட்டு நக்கினான். நிமிர்ந்தான். நக்கிய தண்ணீர் வாயோரத்தால் வழிந்து சீமெந்தில் விழுந்தது. பேசினைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் முகத்தை விட்டான். மறுபடியும் வழிந்தது.

வாய் மூடவில்லை. கீழ்த்தாடை தொங்கிக்கொண்டிருந்தது. எச்சில் நூல் நூலாக இறங்கி முன்காலை நனைத்திருந்தது.

"என்னங்க, இங்க வந்து பாருங்க. இவன் வாய மூட மாட்டேங்கிறான்."

என் கணவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "வெக்கைக்கு இளைக்கிறான் போலை. விடும்."

பங்குனி மாத வெயில்தான். கண்டி நகரத்திலும் வெயில் உண்டு என்று வெளியூர்க்காரர்கள் நம்பமாட்டார்கள். குண்டசாலைப் பக்கம் அந்த நாட்களில் புல் காய்ந்து பழுப்பாகிவிடும். மத்தியானம் மலைக்குப் பின்னால் இடி முழங்கும், வானம் கறுக்கும், நாங்கள் உடுப்பை எடுத்து உள்ளே போடுவோம், மழை வராது. ஆனால் அப்போது காலை. படியில் இன்னும் குளிர்ச்சி இருந்தது. மூச்சு இளைக்கிற நாயின் வயிறு ஏறி இறங்கும். இவன் வயிறு அசையாமல் இருந்தது.

"எதுக்கும் டொக்டரிட்டைக் காட்டுவம்" என்று இவர் சங்கிலியை எடுத்தார். கழுத்துப் பட்டியில் கொளுவக் குனிந்தபோது கை அவன் கன்னத்தில் பட்டிருக்க வேண்டும். நாயிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. குரைப்பும் இல்லை, உறுமலும் இல்லை. அடுத்த கணம் இவருடைய பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இரத்தம்.

"கடிச்சுப்போட்டான்" என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

தோட்டையும் ஆச்சரியப்பட்டவன் போலவே பின்னுக்குப் போனான். உடுப்புத் தோய்க்கும் கல்லுக்குப் பின்னால் பதுங்கினான். பிறகு, யாரும் சொல்லாமலே, விறகுக் கொட்டிலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். நான் ஓடிப் போய்க் கம்பிவலைக் கதவை இழுத்துப் பூட்டினேன். அவனைப் பூட்டியது அதுதான் முதல் தடவை.

பாலத்தடியில் கிடைத்தவன்

இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து வாசிப்பவர்களுக்குத் தோட்டை புதியவன் அல்ல. இதனோடு வாராவாரம் வரும் கோட்டுப் படங்கள் நான் வரைபவை. அவற்றில் பாதிக்கு மேல் ஏதாவது ஒரு மூலையில் ஒரு வாலோ ஒரு காதோ இருக்கும். அது அவனுடையது. நான் வரைய உட்கார்ந்தால் அவன் வந்து படுப்பான். படத்தில் இருக்கவேண்டிய மரத்தையோ பாறையையோ மறைத்துக்கொண்டு படுப்பான்.

புதிதாக வருபவர்களுக்காகச் சொல்கிறேன். நான் சித்திர ஆசிரியை. சில வருடங்களுக்கு முன்னால் ஐப்பசி மழையில், பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில், கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் குடைக்குள் நின்று ஆற்றை வரைந்துகொண்டிருந்தேன். மகாவலி மண்நிறத்தில் பெருகிப் போய்க்கொண்டிருந்தது. செம்பட்டை நிறக் குட்டி ஒன்று எங்கிருந்தோ நனைந்துகொண்டு வந்து என் சப்பாத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. படம் முடியும்வரை இறங்கவில்லை. முடிந்த பிறகும் இறங்கவில்லை.

"கட்டுகஸ்தோட்டையிலை கண்டெடுத்தது. கட்டுகஸ் எண்டு கூப்பிடேலாது. தோட்டை எண்டு வைப்பம்" என்றார் இவர். யாழ்ப்பாணத்துக் காரைநகர்க்காரர். பெயர் வைப்பதில்கூடச் சிக்கனம்.

நான் மடுல்கெல்லைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் இரண்டு தமிழ் ஓடும். அவர் "வாரும்" என்பார், நான் "வாங்க" என்பேன். நாய்க்கு இரண்டும் விளங்கும். பூனை மிளகுக்கு இரண்டும் விளங்காது, அல்லது விளங்காததுபோல் இருந்துகொள்வாள்.

பள்ளி விடுமுறை வந்தால் பழைய காரின் பின் இருக்கையில் ஒரு கிழிந்த சாரத்தை விரித்துத் தோட்டையை ஏற்றிக்கொண்டு புறப்படுவோம். மடுல்கெல்லையில் அக்கா இருக்கிறாள். மேலே ஏறும் பாதையில் ஒரு குறிப்பிட்ட வளைவில் அவன் வாந்தி எடுப்பான். ஒவ்வொரு முறையும் அதே வளைவு. மார்கழிப் பனியில் தேயிலைக்கு நடுவே அவன் ஓடினால் காதுகள் மட்டும் மிதந்து போகும். நான் அதை எத்தனையோ தரம் வரைந்து பார்த்துவிட்டேன், இன்னும் சரியாக வரவில்லை.

யாழ்ப்பாணத்துக்கு மட்டும் அவனைக் கொண்டுபோவதில்லை. இந்த வருடம் பொங்கலுக்கு நாங்கள் காரைநகருக்குப் போயிருந்தபோதுதான் எங்கள் ஒழுங்கைக்கு நாய்களுக்கு விசர்நோய்த் தடுப்பூசி போடுபவர்கள் வந்துபோனார்கள். திரும்பி வந்ததும் பக்கத்து வீட்டு ரிஸானா மதிலுக்கு மேலால் சொன்னாள். அடுத்த கிழமை கொண்டுபோய்ப் போடுவோம் என்றோம். அடுத்த கிழமை வேறு வேலை. பிறகு மாசி வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரி வாங்கில்

வீட்டிலேயே காயத்தைச் சவுக்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டுத்தான் புறப்பட்டோம். கண்டி ஆஸ்பத்திரியில் நாய்க்கடிக்காரருக்கென்று உட்காரத் தனியாக ஒரு நீள வாங்கு இருக்கிறது. பல ஊர், பல வயது, ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி ஒரு கையையோ காலையோ மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவரும் அப்படித்தான் இருந்தார்.

இளம் டொக்டர் ஒருவர் கேள்வி கேட்டு எழுதிக்கொண்டிருந்தார். வீட்டு நாயா, ஓம். தடுப்பூசி போட்டதா, போன வருடம் போட்டது, இந்த வருடம் இல்லை. நாய் இப்போது எப்படி இருக்கிறது?

இவர் என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன். வாய் மூடவில்லை. எச்சில் வடிகிறது. தண்ணீர் உள்ளே போகவில்லை.

டொக்டரின் பேனா நின்றது. தலையை நிமிர்த்தி, "அந்த நாய் இப்போது எங்கே?" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. அன்றைக்கே ஊசி. காயத்தைச் சுற்றியும் ஊசி. இன்னும் இன்ன நாட்களில் வரவேண்டும். நாயைக் கொல்லவும் வேண்டாம், விடவும் வேண்டாம், பூட்டி வைத்துப் பாருங்கள். இரண்டு கிழமை அது உயிரோடும் சுகமாகவும் இருந்தால் பயமில்லை.

"இல்லையெண்டால்?" என்று இவர் கேட்டார்.

"ஊசி போட்டிருக்கிறோம்தானே" என்றார் டொக்டர்.

வேலு மாமாவின் தேத்தண்ணி

எனக்கு ஏன் அவ்வளவு பயம் என்று சொல்ல வேண்டும். அதற்கு மடுல்கெல்லைக்குத் திரும்பிப் போகவேண்டியிருக்கிறது.

நான் சின்னப் பிள்ளை. எங்கள் லய வரிசையில் நாலாவது வீட்டில் வேலு மாமா இருந்தார். தேயிலைச் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர், சிரிப்புக்காரர். பாதையில் கிடந்த ஒரு நாய்க்குட்டியைத் தூக்கும்போது அது விரலில் பல்லைப் பதித்துவிட்டது. சின்னக் கீறல். மஞ்சள் வைத்துக் கட்டினார், மறந்துபோனார். நாங்களும் மறந்துபோனோம். குட்டி என்ன ஆனதென்று யாரும் தேடவில்லை.

மழை போய் வெயில் வந்த பிறகு ஒரு நாள் பின்னேரம், வேலையால் வந்து வாசலில் உட்கார்ந்த வேலு மாமாவுக்கு அத்தை தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். முடியவில்லை. கை பின்னுக்கு இழுத்தது. சிரித்தார். மறுபடியும் கொண்டுபோனார். தொண்டை இறுகி ஒரு சத்தம் வந்தது. அவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நிற்க, கண் மட்டும் பயந்தது.

அம்மா என் கையைப் பிடித்து வீட்டுக்குள் இழுத்துப்போனாள். பிறகு ஆஸ்பத்திரி லொறி வந்தது. வேலு மாமா திரும்பி வரவில்லை.

என் கணவருக்கு இந்தக் கதையை நான் சொன்னதே இல்லை. இப்போது சொல்லவும் முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடிக்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஊசி போட்டால் வராது என்று தெரியும். வந்தாலும் காலையில் கடித்து மாலையில் வராது என்றும் தெரியும். தெரிந்து என்ன?

"என்னப்பா, இப்பிடிப் பார்க்கிறீர்?" என்றார்.

"சீனி போதுமான்னு பாக்கிறேன்" என்றேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம்

சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். தூரத்தில் நின்றே கொட்டிலுக்குள் பார்த்தார். "பய வென்ன எப்பா, மிஸ்", பயப்படாதீர்கள் என்று சிங்களத்தில் எனக்குத் தைரியம் சொன்னார். பிறகு பயப்பட வைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். உள்ளே போகக்கூடாது. தொடக்கூடாது. செத்தால் புதைக்கக்கூடாது, தனக்குத் தொலைபேசியில் சொல்லவேண்டும், தலையைப் பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். கடைசியாகக் கேட்டார்: "இந்த நாயோடு வேறு யாராவது பழகினார்களா?"

இல்லை என்றேன். நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளைகள் இல்லை. பூனையைப் பிடித்து ஒரு அறைக்குள் அடைத்துவிட்டோம்.

ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் திரும்பும் சத்தம் அடங்கவில்லை, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ரிஸானாவின் குரல் கேட்டது.

"டீச்சர்! கொஞ்சம் வாங்களே."

ரிஸானாவும் அவள் கணவர் ஃபைசலும் எங்களுக்கு நல்ல அயல். ஃபைசலுக்குக் கட்டுகஸ்தோட்டையில் துணிக்கடை. அவர்களுடைய ஒரே மகள் ஆயிஷா இந்த வருடம்தான் முதலாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். நோன்புப் பெருநாள் முடிந்து சில நாட்கள்தான். எங்களுக்கு வந்த வட்டிலப்ப இனிப்பின் கிண்ணம் இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் எங்கள் மேசையில் இருந்தது.

நான் மதிலருகே போனபோது ரிஸானா பிள்ளையின் கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் சிராய்ப்பு, காய்ந்து பக்குக் கட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் விழுந்ததாம்.

"இந்தப் புள்ள உங்கட கேட்டுக்குள்ளால கைய உட்டு நாய்க்கு நக்கக் குடுத்திருக்கு, டீச்சர். இந்தக் கைய! நேத்தும் குடுத்திருக்கு. இப்பதான் சொல்லுது. அல்லாஹ்வே, நான் என்னத்த செய்ய?"

ஆயிஷா அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "தோட்டை சாகப்போகுதா, டீச்சர்?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க ரிஸானா, இப்பவே. நானும் வாறேன்" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்க வரவேணாம்" என்றாள் ரிஸானா. "உங்கட நாய ஒழுங்காக் கட்டிவெச்சிருந்தா இது நடக்குமா? ஊசி போட வந்த நேரம் நான் சொன்னேன்தானே?"

சொன்னாள்தான்.

பிள்ளைக்கும் ஊசி ஆரம்பமானது. அதன்பிறகு மதிலுக்கு அந்தப் பக்கம் மௌனம். ரிஸானா உடுப்புக் காயப்போடும் கொடியைக்கூட வீட்டின் மறுபக்கத்துக்கு மாற்றிவிட்டாள். அயலில் பேச்சு நின்றால் வீட்டில் ஒரு அறை இருட்டிப்போனதுபோல் இருக்கிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொள்கிறோம்.

மறுநாள் ஃபைசல் வந்தார். கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கேட்டுக்கு வெளியே நின்று மிக மரியாதையாகப் பேசினார்.

"சேர், நான் சண்டைக்கு வரல்ல. அந்த நாய் எப்பிடியும் பொழைக்காது போலத்தான் ஈக்குது. இப்பவே முடிச்சு, பரிசோதனைக்கு அனுப்பினா, இருக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும். என்ட புள்ள... நானும் அவ உம்மாவும் சாப்பிடுறதில்ல, தூங்குறதில்ல."

அவர் கேட்டதில் நியாயம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. இவர் கட்டுப்போட்ட கையால் கேட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எனக்கும் ஊசிதான் போடுறாங்கள். என்ரை பயமும் உங்கடை பயமும் ஒண்டுதான்" என்றார் கடைசியில். "எனக்கு ரெண்டு நாள் தாங்கோ. அதுக்குள்ளை மிருக டொக்டர் வந்து பார்க்கட்டும். அவ சொன்னால் நான் குறுக்கை நிக்கமாட்டன்."

ஃபைசல் தலையாட்டிவிட்டுப் போனார். "ரெண்டு நாள் தாங்கோ" என்று ஒரு மனிதர் தன் நாய்க்காக இன்னொரு மனிதரிடம் கெஞ்சியதை நான் வாசலில் நின்று கேட்டேன். அவர் கெஞ்சுகிறவர் அல்ல.

ஒரே பக்கம்

மிருக வைத்தியரைத் தொலைபேசியில் பிடிப்பது கஷ்டமாக இருந்தது. எங்கேயோ ஒரு பண்ணையில் மாடுகளுக்கு நோய், அங்கே போயிருந்தார். ஒரு தடவை பேசக் கிடைத்தபோது, "அதுவாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். யாரும் வாய்க்குள் கைவைக்க வேண்டாம். முடிந்த அன்றைக்கு வருகிறேன்" என்று வைத்துவிட்டார்.

தடியால் தள்ளித் தள்ளித் தண்ணீர்ப் பேசினைக் கதவுக்குக் கீழால் உள்ளே விட்டோம். அவன் எழும்பி வந்து முகத்தை விடுவான். வழிந்துவிடும். கொஞ்சமாவது தொண்டைக்குள் போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வெயிலுக்குத் தாங்கியிருக்க மாட்டான். ஆனால் இடுப்பெலும்பு தெரியத் தொடங்கியிருந்தது. தண்ணீருக்குப் பயப்படவில்லையே என்று நான் ஆறுதல்பட்டேன். நாய்களில் அதை நம்பமுடியாது என்று பரிசோதகர் தொலைபேசியில் சொன்னார். அந்த ஆறுதலும் போனது.

எனக்குச் செய்ய ஒன்றும் இருக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டிருந்தேன். சமைத்ததைச் சாப்பிட ஆளில்லை. ஒரு கதிரையை இழுத்துக் கொட்டிலுக்கு முன்னால், கம்பிவலைக்கு எட்டத் தள்ளிப் போட்டுக்கொண்டு வரைய ஆரம்பித்தேன். பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில், பென்சிலால்.

இதுவரை அவன் என் படங்களில் மூலையில்தான் இருந்தான். இப்போதுதான் முதல்முறையாக அவனையே பார்த்து வரைந்தேன். கோடுகள் இரண்டு மூன்றாக விழுந்தன. படம் நல்லதா கெட்டதா என்ற நினைப்பே வரவில்லை. சாகப்போகிறவனாக இருந்தால் அவன் காது எப்படி மடிந்திருந்தது என்றாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

"உமக்கு இப்பவும் படமோ?" என்று இவர் ஒருமுறை எரிந்து விழுந்தார். பிறகு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

வரைகிறபோது கண் கேள்வி கேட்கும். இந்த நிழல் எங்கே விழுகிறது, இந்தக் கோடு எந்தப் பக்கம் சரிகிறது. ஒரு தாளை முடித்து அடுத்ததைத் தொடங்கும்போது என் பென்சில் எச்சில் நூலைத் தானாகவே அதே இடத்தில் கீறப் போனது. இடது பக்கம். முதல் தாளைப் பார்த்தேன். இடது பக்கம். தலை எப்போதும் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. முன்காலால் வாயைத் தேய்க்கும்போது இடது கால். சுவரில் கன்னத்தை உரசும்போது இடது கன்னம். வலது பக்கத்து முன்கால் காய்ந்து சுத்தமாக இருந்தது.

"என்னங்க" என்றேன். "வெறி புடிச்சா ஒரு பக்கத்துக்கு மட்டுமா புடிக்கும்?"

இவர் குந்தியிருந்து கம்பிவலைக்கு ஊடாகப் பார்த்தார். "தோட்டை" என்று மெதுவாகக் கூப்பிட்டார். வால் இரண்டு தரம் மண்ணில் அடித்தது.

"டொக்டருக்குத் திரும்ப ஃபோன் எடும்" என்றார்.

டொக்டர் நோனா

மிருக டொக்டர் அம்மா அடுத்த நாள் காலையிலேயே வந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான உடம்பு, சேலைக்குப் பதில் நீளக் காற்சட்டையும் றப்பர் பூட்சும். சிங்களத்தில்தான் பேசினார். நான் நீட்டிய தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பாராட்டவில்லை.

"ஒரு பக்கம் என்பது ஒரு சாட்சி. தீர்ப்பு இல்லை" என்றார். "உள்ளே பார்க்கத்தான் வேண்டும். எனக்குத் தடுப்பூசி இருக்கிறது. கணவர் தள்ளி நிற்கட்டும், அவர் கை தாங்காது. ரோர்ச் வெளிச்சம் பிடிக்க ஒருவர் வேண்டும். கை நடுங்காத ஒருவர்."

என் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "நான் பிடிக்கிறேன்" என்றேன்.

தடித்த கையுறையும் முகத்துக்குக் கண்ணாடி மூடியும் எனக்கும் தந்தார். கயிற்றுச் சுருக்கைக் கம்பிவலைக்கு ஊடாக விட்டு அவனைக் கதவோடு இழுத்தார். அவன் எதிர்க்கவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தொடையில் ஊசி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கால்கள் மடிந்தன, தலை சாய்ந்தது. டொக்டர் கதவைத் திறந்து உள்ளே போனார். நானும் போனேன். இரண்டு துணிப் பட்டிகளால் மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் இழுத்துத் திறந்தார். அழுகல் நாற்றம் முகமூடியையும் தாண்டி அடித்தது.

"வெளிச்சம். இன்னும் உள்ளே. ஆடாமல்."

மேல்வாயில், பல் வரிசைகளுக்கு நடுவில், குறுக்காக ஏதோ ஒன்று இறுகியிருந்தது. வெள்ளையாக, விளிம்பில் கறுத்து. ஒரு நுனி இடது பக்கத்துப் பல் முரசைக் குத்திக்கொண்டு உள்ளே போயிருந்தது. சுற்றிலும் வீங்கிச் சிவந்து சீழ்.

டொக்டர் நீளக் குறடு ஒன்றை எடுத்தார். பிடித்தார், வழுக்கியது. மறுபடி பிடித்துத் திருகினார். "டக்" என்று ஒரு சத்தம். ஏதோ உடைந்துவிட்டது என்று நினைத்தேன். குறட்டின் நுனியில் என் சுண்டுவிரல் அளவு எலும்புத் துண்டு.

நான் ரோர்ச்சைக் கீழே வைக்கும்வரை அழவில்லை.

"கவனமாகக் கேளுங்கள்" என்றார் டொக்டர், கையுறையைக் கழற்றியபடி. "வாய் மூடாததற்கு இது காரணம். கடித்ததற்கும் அனேகமாக இதுதான் காரணம். ஆனால் விசர் இல்லை என்று இன்றைக்கு நான் எழுதித் தரமாட்டேன். குறித்த நாள்வரை பூட்டித்தான் இருக்கவேண்டும். ஊசிகளையும் ஆஸ்பத்திரி நிறுத்தச் சொல்லும்வரை நிறுத்த வேண்டாம்." பிறகு என்னைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார். "யார் இதற்கு மாட்டெலும்பு கொடுத்தது?"

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீட்டில் மீன் சமைப்போம், அதற்கு மேல் இல்லை.

"நான்தான்" என்றது ஒரு குரல்.

ரிஸானா மதிலுக்கு மேலால் எட்டி நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. முக்காடு நழுவியிருந்தது.

டொக்டர் புறப்பட்டுப் போனதும் அவள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். எங்கள் முற்றத்தில் நடுவில் நின்றாள்.

"பெருநாளைக்கு ஆக்கின எலும்பு, டீச்சர். குப்பைல போட மனசு வரல்ல. வாயில்லாத சீவன்தானேன்னு கேட்டுக்குள்ளால போடுவேன். இப்ப மட்டுமில்ல, எப்பவும் போடுவேன். இவருக்குத் தெரியாது." மூச்சு வாங்கினாள். "நான் போடுறதப் பாத்துத்தான் புள்ளையும் போயிருக்கு. அது எனக்கு அண்டைக்கே தெரியும். தெரிஞ்சுதான் உங்களுக்கு ஏசினேன். எனக்கு ஏச ஆளில்லாமத்தான் உங்களுக்கு ஏசினேன்."

நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. இத்தனை நாள் மதிலின் இரண்டு பக்கமும் ஒரே நடுக்கம் இருந்திருக்கிறது.

இவர் தொண்டையைச் செருமினார். "தங்கச்சி, இனிமேல் இறைச்சியைப் போடுங்கோ. எலும்பை நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ."

ரிஸானா சிரிக்கப் போய் அழுதாள்.

மயக்கம் தெளிந்து தோட்டை எழும்பியபோது வெயில் சாய்ந்துவிட்டது. தள்ளாடிக்கொண்டு பேசினிடம் போனான். குடித்தான். தொண்டை அசைவது கம்பிவலைக்கு வெளியில் நின்ற எங்கள் மூவருக்கும் தெரிந்தது. முழுவதையும் குடித்தான். நான் இன்னொரு வாளி கொண்டுவர ஓடினேன்.

மிச்ச நாட்கள்

பயம் அன்றைக்கே போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. குறித்த நாள் வரும்வரை ஒவ்வொரு காலையும் எழும்பியதும் கொட்டிலுக்குத்தான் போனேன். அவன் கொட்டாவி விட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சோற்றைத் தின்னும்போது வாய் மூடுகிறதா என்று பார்ப்பேன். ஃபைசலும் கடைக்குப் போகுமுன் தினமும் கேட்டடியில் நின்று, "எப்படி ஈக்குது?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார். கேட்டது நாயைத்தானா என்று தெரியாது. "நல்லாச் சாப்பிடுறான்" என்று இவர் சொன்னால் முகம் தெளியும்.

இடையில் ஒரு பின்னேரம் இடியோடு மழை கொட்டியது. சித்திரை பிறக்கும் முன்பே வந்துவிட்டது. தோட்டைக்கு இடி என்றால் கட்டிலுக்கடியில் ஓடவேண்டும். ஓட வழியில்லாமல் கொட்டில் மூலையில் சுருண்டுகொண்டான். நானும் இவரும் குடை பிடித்துக்கொண்டு, கம்பிவலைக்கு வெளியில், மழை விடும்வரை அவனோடு பேசிக்கொண்டு நின்றோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை. நனைந்ததுதான் நினைவிருக்கிறது.

பரிசோதகர் கடைசியாக வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். ஆஸ்பத்திரியிலும் இனி ஊசி வேண்டாம் என்றார்கள், இவருக்கும் பிள்ளைக்கும். தடுப்பூசி போட்ட பிறகுதான் தோட்டையை வெளியே விட்டோம். முற்றத்தை இரண்டு சுற்றுச் சுற்றினான். மிளகு அவனைக் கண்டு மதிலில் ஏறிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. நான் படியில் இருந்தேன், அவன் காலடியில் கிடந்தான். கேட்டடியில் ஆயிஷா வந்து நின்றாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அவர்கள் வீட்டு வாசலில் ரிஸானா நிற்பது எனக்குத் தெரிந்தது.

நான் ரிஸானாவைப் பார்த்தேன். அவள் நாயைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள்.

"தொட்டுட்டு வந்து கழுவணும், சரியா?" என்றாள் கடைசியில். "மார்க்கத்துல சொன்ன மாதிரி ஏழு தரம். ஒரு தரம் மண் போட்டு."

"தெரியும் உம்மா" என்றாள் ஆயிஷா, கேட்டைத் தள்ளிக்கொண்டு.

அவள் முற்றத்தைக் கடந்து வந்தாள். டொக்டர் சொல்லிவிட்டார், பரிசோதகர் சொல்லிவிட்டார், எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும், பிள்ளை குனிந்தபோது, என் கை தானாகப் போய்த் தோட்டையின் கழுத்துப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அவன் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

ஆயிஷா ஒரு விரலை நீட்டி அவன் இரண்டு கண்ணுக்கும் நடுவில் மெதுவாக வைத்தாள். நான் பிடியை விடவில்லை. ரிஸானா தன் வாசலிலிருந்து இறங்கி, கையில் தண்ணீர்ச் சாடியோடு, வேகமாக வந்துகொண்டிருந்தாள்.